கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

ஓய்வு பெற்றுப் போன இயக்க மேலாளர் நாற்பதாவது நாள் ஆலோசகராகத் திரும்பி வந்தார். பிரிவு உபசாரத்தின்போது எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை அவர் வீட்டில் இன்னும் ஆணி அடித்து மாட்டியிருக்கக்கூட மாட்டார் என்று பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

"வாசல்ல புது வாட்ச்மேன், அவரை யாருன்னு தெரியல. வருகைப் பதிவுல எழுதச் சொல்லிட்டான்" என்றார் பதிவறை உதவியாளர். பதிவறையின் பதினெட்டு அலமாரிச் சாவிகளும் அவர் இடுப்பில்தான் தொங்கும் என்பதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். "'யாரைப் பார்க்க வந்தீர்'னு ஒரு கட்டம் இருக்கில்ல, அங்க வந்ததும் சார் பேனாவைத் தூக்கிட்டு நின்னுட்டாராம். என்னன்னு எழுதுவார், என்னைத்தான் பார்க்க வந்திருக்கேன்னா?"

பதிவறை எழுத்தராகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடக்கிக்கொண்டாள். அந்த மனிதரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம், அவள் சிரிக்கக் கூடாது.

அவளுடைய அப்பா பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர். பேருந்துகள் கிளம்புகிற நேரத்தையும் வந்து சேர்கிற நேரத்தையும் குறித்து, ஓட்டுநர், நடத்துநரிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தச் சின்னக் கூண்டில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். கையெழுத்துப் போட வந்த ஓட்டுநர், மனிதர் ஏதோ கூட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலில் காத்து நின்றாராம். அதற்குப் பிறகு கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கேட்டு எழுதிய மனு ஒன்றரை வருடம் மேசை மேசையாக அலைந்தது. கடைசியில் அதில் கையெழுத்துப் போட்டவர் இயக்க மேலாளர். "அவர் போட்ட கையெழுத்துலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது" என்று அம்மா வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். அடுப்பு எரிந்தாலும் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு வருடம் முடிந்தால்தான் அந்த உத்தரவு வரும். இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஆலோசகருக்கு ஓய்வூதியம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. அது போக, கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு தருவதாக ஒப்பந்தம். கழகத்தைக் குறைந்த செலவில் ஓட்டுவது எப்படி என்று ஆறு மாதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் இங்கேயே ஓட்டினாரே, அப்போது ஏன் எழுதவில்லை என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் அவர் பதிவறைக்கே இறங்கி வந்தார். வேலையில் இருந்தபோது அந்தப் படிகளில் அவர் கால் பட்டதே இல்லை.

"என்னம்மா, நல்லா இருக்கியா? அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

"உங்க அப்பா ஒரு ஃபைல் கொடுத்திருந்தார். நீல அட்டை போட்டது. இருக்குமா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இருக்குமாவா. மூன்றாவது வரிசை, மேலிருந்து இரண்டாவது தட்டு. சேர்ந்த முதல் வாரமே அதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். மூன்று வருடம் அப்பா விடுமுறை நாளெல்லாம் போய் நிறுத்தம் நிறுத்தமாக நின்று குறித்து வந்தது. காலை எட்டு மணிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் பிடிக்கிற தடத்தில் மதியம் முப்பத்து நான்கு நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் எந்நேரமும் நாற்பதுதான் இருந்தது. அதனால்தான் காலையில் பேருந்துக்குப் பேருந்து முட்டிக்கொண்டு வருகிறது, மதியம் ஓரங்கட்டி வெறுமனே நிற்கிறது என்று அப்பா எழுதியிருந்தார். நேரத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றினால் பதினொரு பேருந்து மிச்சம். அட்டையின் உள்பக்கத்தில் அப்போதைய இயக்க மேலாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "பார்த்தேன். கோப்பில் வைக்கவும்."

இப்போது அவரே கேட்டு வந்திருக்கிறார். அவள் நாற்காலியைப் போட்டு ஏறி எடுத்து, புடவைத் தலைப்பால் தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். வழங்கல் பதிவேட்டில் கோப்பின் எண்ணை எழுதினாள். பெறுபவரின் பதவி என்ற கட்டத்தில் யோசிக்காமல் "இயக்க மேலாளர்" என்று எழுதினாள். அப்படியே சொல்லிப் பழகிய வாய், எழுதிப் பழகிய கை. ஆலோசகர்கள் வெளியாட்கள், பதிவறையில் உட்கார்ந்து படிக்கலாமே தவிரக் கோப்பை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற விதி அப்போது அவள் நினைவுக்கு வரவேயில்லை. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை அம்மா மாடிப்படியில் நின்று கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் எழுதின ஃபைலைப் பெரிய சாரே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாராம். இப்பதான் அருமை தெரியுது."

கோப்பு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அது வந்து ஒரு மாதத்தில் ஆலோசகரின் அறிக்கை வந்தது.

பளபளவென்ற தாள், சுருள் கம்பியில் கோத்தது, நான்கு வண்ணத்தில் வரைபடங்கள். பதிவறைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அவள் எண் போடப் பிரித்தவள் அப்படியே படிக்க ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு. முப்பத்து நான்கு. ஆறாம் பக்கத்து வரைபடத்தில் "மூக்குக்கண்ணாடி வளைவு" என்று ஒரு நிறுத்தம் இருந்தது. அப்படி ஒரு நிறுத்தம் கழகத்தின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அங்கே ஒரு கண்ணாடிக் கடைக்காரர் ஆளுயர மூக்குக்கண்ணாடியைப் பலகையாக மாட்டியிருந்தார் என்று அப்பா தானாக வைத்த பெயர் அது. பழைய ஓட்டுநர்கள் சிலருக்குத் தெரியும். கடையே போய் ஆறு வருடம் ஆகிறது.

சாவிக்கொத்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பரவால்லியே. உங்க அப்பாவுக்குக் கலர் அடிச்சுக் கொண்டுவந்திருக்கார்."

முன்பக்கத்தில் ஆலோசகர் பெயர். நன்றி சொன்ன பட்டியலில் நிர்வாகம், கணினிப் பிரிவு, தட்டச்சர் உட்பட இருபது பேர். அப்பா இல்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருட்டுக்குக் கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரியைப் போல் உடம்பு கூசியது. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேனே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

கடைசி அட்டவணைக்கு வந்தபோதுதான் அவள் நிஜமாகவே நின்றாள். அப்பாவின் கணக்கில் கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம். இதில் இரண்டு நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத் தடம் தடமாக வெட்டியதில் இன்னும் மூன்று பேருந்து மிச்சமாகியிருந்தது. பதினொன்று பதினான்கு ஆகியிருந்தது.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடத்தின் கடைசி நிறுத்தம் சாலையோரத்தில் வெறும் கம்பம். கழிப்பறை என்றால் பக்கத்துத் தெருவிலிருக்கும் மகப்பேறு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்தத் தடத்து நடத்துநர் ஒரு பெண் அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். உடனே எழுதிவிடவில்லை அவர். பதினாறு வயது மகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், "நீ எப்பவும் நடக்கற மாதிரி நட. ஓடாதே. நான் மணி பார்க்கறேன்" என்றார். போக இரண்டரை, வர இரண்டரை, வரிசை இருந்தால் இன்னும் இரண்டு. என்னத்துக்கு இந்தக் கூத்து என்று அன்றைக்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதை மிச்சம் என்று கணக்கில் காட்டக் கூடாது."

புது நேரம் அமலுக்கு வந்து பத்து நாளில் விசில் அக்கா பதிவறைக்குள் நுழைந்தாள். அப்பாவிடம் சொன்ன நடத்துநர் அவள்தான். வாயில் விசிலை வைத்துக்கொண்டே சண்டையும் போடுவாள், பயணச்சீட்டும் கிழிப்பாள் என்பதால் அந்தப் பெயர். தலைமை அலுவலகத்தின் பெண்கள் கழிப்பறை பதிவறைக்கு அடுத்த கதவு. போய் வந்தவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, சாவிக்கொத்தின் தண்ணீர் பாட்டிலை வாங்கி முக்கால்வாசியைக் காலி செய்தாள்.

"காலையில வீட்டுல ஒரு வாய் குடிச்சதுதான் கண்ணு. ஒண்ணு, பஸ்ஸை நிறுத்திட்டுப் போகணும். இல்ல, பஸ்ஸையும் கையோட தூக்கிட்டுப் போகணும். பாவம் டிரைவர் எனக்காக நின்னார், லேட்டுன்னு அவருக்கு மெமோ. இனிமே நில்லுங்கன்னு எந்த மூஞ்சியோட சொல்ல?"

"மேல எழுதிக் கொடுங்கக்கா."

"கொடுத்தாச்சு. நானும் இன்னும் பதினாலு பேரும் சேர்ந்து. கூட்டம் போட்டுப் பேசறோம்னு சொல்லியிருக்காங்க." அக்கா குரலைத் தணித்தாள். "ஒண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதே. இது பழைய டைம்கீப்பர் போட்ட கணக்குன்னு டிரைவருங்க பேசிக்கறாங்க. மூக்குக்கண்ணாடி வளைவுன்னு அதுல போட்டிருக்காம். அந்தப் பேர் உங்க அப்பா ஒருத்தர்தானே சொல்வார்? செத்தும் உசிரை வாங்கறார்னு திட்டறாங்க. எனக்கு மனசு கேட்கல."

"அப்பா அப்படி எழுத மாட்டாருக்கா."

"அதானே. என்னை நிறுத்தி வச்சுக் கேட்டுக் கேட்டு எழுதின மனுஷன். நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட."

நான்கடி தள்ளி, மூன்றாவது வரிசையில் நீல அட்டை இருந்தது. அவள் எழுந்து போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கூட்டம் கூடித் தானாகச் சரியாகிவிடும், நாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் ஆலோசகர் மறுபடி பதிவறைக்கு வந்தார். சாவிக்கொத்து சாப்பிடப் போயிருந்தார். ஆலோசகர் உட்காரவில்லை. வழங்கல் பதிவேட்டைத் தானே பிரித்துப் பழைய பக்கத்தைத் தேடினார்.

"இங்க பாரு. அவசரத்துல என் பதவியைத் தப்பா எழுதிட்டே. நானும் கவனிக்கல." அவர் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. சொந்தப் பெரியப்பா பேசுவதைப் போல்தான் இருந்தது. "கணக்குப்படி இந்த ஃபைல் இப்ப இருக்கற மேலாளர்கிட்டப் போயிருக்கு. அவர் கண்ணாலகூடப் பார்க்கல. யாராவது நோண்டினா உனக்குத்தான் சங்கடம். நான் வெளியாள். இன்னிக்கு இருப்பேன், நாளைக்குப் போயிடுவேன்."

"சார், அந்த ஏழு நிமிஷம்..."

"தெரியும்மா." அவர் பதிவேட்டை மூடினார். "உன் நிரந்தர ஆர்டர் தயாரா இருக்கு. நல்லபடியா வாங்கிக்கோ. உங்க அம்மாவுக்கும் வேற யார் இருக்கா?"

அவள் வீட்டுக்குப் போனதும் ஒன்று விடாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே மூன்று துணியை மடித்தாள். நான்காவதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊர் திட்டறது அவர் காதுல விழப்போறதில்ல. நீ நாளைக்கு வீட்டுல உட்கார்ந்தா நாம என்ன பண்றது? பேசாம இரு."

"அந்தப் பொம்பளைங்க பாடு என்னம்மா ஆகறது?"

"அவங்களுக்குச் சங்கம் இருக்கு. நமக்கு யாரு இருக்கா?"

அம்மா சொன்னது பிடிக்கவில்லை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ இறங்கி லேசானதுபோல் இருந்தது. யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் வழி முழுக்க வந்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

கூட்டம் முதல் மாடியில். நீள மேசை, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். தற்போதைய இயக்க மேலாளர் நடுவில், ஆலோசகர் அவருக்கு வலப்பக்கம். எதிரே சங்கத்துக்காரர் இரண்டு பேர், விசில் அக்கா, இன்னொரு நடத்துநர். கேட்கிற கோப்பை எடுத்துத் தருவதற்காக அவளைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

"இந்த ரெண்டு நிமிஷம் எந்த அடிப்படையில சார்?" என்று மேலாளர் ஆலோசகரைக் கேட்டார். புது ஆள், நியாயமாகத்தான் கேட்டார்.

"கள ஆய்வுதான். தவிர, நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. இந்தக் கழகத்துல ஏற்கெனவே இருந்த கணக்குதான்."

"ஏற்கெனவே இருந்ததுன்னா, டைம்கீப்பர் எழுதினதா?" என்றாள் விசில் அக்கா. "அவர் என்கிட்ட வந்து கேட்டு எழுதினார் சார். ஆஸ்பத்திரி வரைக்கும் எத்தனை நிமிஷம்னு கணக்குப் பார்த்தார். அவரா ரெண்டு போட்டார்?"

ஆலோசகர் தன் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு, "பழைய தாளெல்லாம் பதிவறையைத்தான் கேட்கணும்" என்றார்.

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

"அப்படி ஏதாவது ஃபைல் இருக்காம்மா?" என்றார் மேலாளர்.

விசில் அக்கா அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சொல்லு கண்ணு என்கிற மாதிரி.

"இல்ல சார்" என்றாள் அவள். குரல் எடுத்ததுமே தெளிவாக வந்தது. அதுதான் பிற்பாடு அவளுக்கு ஆறவேயில்லை. "நான் தேடிப் பார்த்துட்டேன். அப்படி எந்த ஃபைலும் பதிவறைல இல்ல."

ஆலோசகர் தன் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், குடிக்காமல் மூடினார். அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. விசில் அக்கா மட்டும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. ஏதோ நினைத்துக்கொண்டு வந்தோம், அப்படி இல்லை போலிருக்கிறது என்று ஒரு வழக்கமான ஏமாற்றம். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

நிரந்தர உத்தரவு பத்து நாளில் வந்தது. அம்மா அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்றைக்கு அப்பாவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் சாவிக்கொத்து கதவைத் திறக்கும்போதே சொன்னார். "விசில் வண்டியிலயே விழுந்துடுச்சாம். குளிர் ஜுரம். தண்ணியே குடிக்காம அடக்கி அடக்கி, சிறுநீரகம் வரைக்கும் போயிடுச்சுங்கறாங்க. பெரிய ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு."

"இப்ப எப்படி இருக்காம்?"

"பிழைச்சுக்கும்னு சொல்றாங்க. பத்து நாளாவது படுக்கணுமாம்." அவர் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்துகொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் நின்றார். அந்த அலமாரியைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வயதான காலத்தில் நாம் எதற்குப் பேசுவது என்று இருந்திருக்கிறார். அல்லது அவளே பேசட்டும் என்று இருந்திருக்கிறார். எதுவானாலும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

நீலக் கோப்பையும் வழங்கல் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஏழு நிமிடப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

அவர் படித்து முடித்து நிமிர்ந்தார். "அன்னிக்கு இல்லன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன் சார்."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பழி அந்தப் பக்கம் போயிருக்கும். ஆனால் ஆலோசகர் பொய் சொல் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் ஆர்டர், அம்மா, சங்கடம். மிச்சத்தை அவளேதான் போட்டு நிரப்பிக்கொண்டாள்.

"இல்ல சார். வேலை போயிடும்னு பயம்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். தன் பதவிக்கு நேரே வேறொருவர் கையெழுத்து. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க" என்றார். அவள் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள்.

நிரந்தர உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதாகக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினாள். ஆலோசகரை என்ன செய்தார்கள் என்றால், எதுவும் செய்யவில்லை. நம் அலமாரியில் சும்மா கிடந்ததை நாமே விலை கொடுத்து வாங்கினோம் என்று எந்த நிர்வாகம் வாய் திறக்கும்? கடைசி நிறுத்த நேரத்தை மறுபரிசீலனை செய்வதற்காக அவருடைய ஒப்பந்தத்தை மேலும் மூன்று மாதம் நீட்டித்தார்கள். அதே சம்பளம்.

"இதுக்குப் பேர்தான் திறமை" என்றார் சாவிக்கொத்து. "நம்ம செஞ்ச தப்பைத் திருத்த நமக்கே கூலி."

இந்தத் தடவை ஆலோசகர் பதிவறையிலேயே உட்கார்ந்து படித்தார். அவள் பதிவேட்டில் ஆலோசகர் என்று எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். ஜன்னலோர மேசையில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் வெகு நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா கொண்டுவந்து கொடுத்த அன்னிக்கு நான் இதைப் படிக்கவே இல்லம்மா" என்றார் திடீரென்று. "டைம்கீப்பர் என்னத்தை எழுதியிருக்கப் போறார்னு அட்டையைத் திருப்பி ஒரு வரி எழுதி அனுப்பிட்டேன். ரிடையர் ஆகி, மிச்சம் காட்டுன்னு கூப்பிட்டு உட்கார வச்சப்ப, எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. முப்பத்து மூணு வருஷம் கையெழுத்துப் போட்டவன்கிட்ட என்ன இருக்கும்? அப்பதான் நீல அட்டை ஞாபகம் வந்துச்சு."

அவள் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"இந்தப் பக்கத்தையும் படிச்சேன். படிக்காம வெட்டினேன்னு நினைச்சுக்காதே. படிச்சிட்டுத்தான் வெட்டினேன். பதினொண்ணுன்னா அது அவர் கணக்கு. பதினாலுன்னாதான் என் கணக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். கிழவனார் அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. வாயைத் திறந்தால் தன் குரலும் அன்றைக்கு மாடியில் வந்ததுபோலவே தெளிவாக வருமோ என்று கூச்சமாக இருந்தது. எழுந்து போய் வேறு அலமாரியில் கோப்புகளை அடுக்குவதுபோல் நின்றுகொண்டாள்.

இரண்டாவது அறிக்கையில் ஏழு நிமிடம் திரும்ப வந்தது. முன்பக்கத்தில் ஆலோசகர் பெயர். அப்பாவின் பெயர் அதிலும் இல்லை. சேர்க்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, ஏன் இல்லை என்று அவளும் கேட்கவில்லை.

விசில் அக்கா ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஒரு மாலை, டூட்டி முடித்து நேரே பதிவறைக்கு வந்தாள்.

"அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றாள்.

நடத்துநர்களுக்குக் கோப்பைக் காட்டக் கூடாது என்பதும் விதிதான். அவள் எடுத்துப் பிரித்து வைத்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தாள். சுவரோரம் ஒதுங்குகிற இடம் வந்ததும் ஒரு சிரிப்பு வந்து உடனே போனது.

"அன்னிக்கு நாம மாடியில உட்கார்ந்திருந்தப்ப, இது எங்க இருந்துச்சு?"

"இங்கதான்கா. இதே அலமாரியில."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்கா."

அக்கா தலையை ஆட்டினாள். சண்டை போடுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுடுங்கக்கா."

"என்கிட்ட எதுக்கு? நான் பிழைச்சு வந்துட்டேன்." அக்காவின் விரல் இன்னும் தாளில் இருந்தது. "கூட்டம் முடிஞ்சு இறங்கறப்பவே எனக்கு மனசு விட்டுப்போச்சு. பெத்த பொண்ணே இல்லங்குது, அப்ப இந்த ஆள் நம்மகிட்டக் கேட்டுக்கிட்டு ரெண்டுன்னுதான் எழுதியிருக்கார்னு முடிவே பண்ணிட்டேன். ஆஸ்பத்திரில பத்து நாள் படுத்துக்கிட்டு, பக்கத்துக் கட்டில்காரி, நர்ஸு, வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்த மனுஷனை. ஏழுன்னு எழுதி, ஏன்னும் எழுதி வச்சிருக்காரே."

 

அக்கா அந்தப் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அலுவலகம் விடுகிற நேரம். பூட்ட வந்த சாவிக்கொத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அக்கா படித்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தாள்.